கெடாவைக்கூடக் கேட்டுத்தான் வெட்டுறோம், மருமகனே!

வாங்க சேனல்காரரே, வாங்க! ஒரு கையில குச்சி, குச்சி நுனியில போனு, சட்டைக் காலர்ல வண்டு மாதிரி ஒரு மைக்கு. உங்க ஆத்தா வந்து சொன்னா, “அண்ணே, உன் மருமகன் ஊர் ஊராப் போயி சாமியெல்லாம் படம் பிடிக்கிறான்”னு. சந்தோசம். நம்ம வகையறாவுல சாமியாடினவன் இருக்கான், சாமிக்கு நேந்துக்கிட்டு மறந்தவன் இருக்கான், கோயில் நிலத்தை உழுதுட்டுக் குத்தகை கட்டாதவனும் இருக்கான். பேரு வேணாம், அவரு உனக்குத் தாத்தா முறை. சாமியை வச்சு மாசாமாசம் டாலர்ல சம்பளம் வாங்குறவன் நீதான் மொத ஆளு.

நல்லா இரு. தொழில்னு வந்துட்டா முன்னுக்கு வரணும்ல? மாமன் யோசனை சொல்றேன், கேட்டுக்க.

உள்ள என்ன கெடந்தாலும் வெளிய ‘அதிர்ச்சி’ன்னு போடு. சாமி முகத்தைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம், வட்டத்தைப் பார்த்து ஒரு சிவப்பு அம்பு. இல்லாட்டி ரெண்டாள் உசரத்துக்கு நிக்கிற அய்யனாரைச் சனங்க கவனிக்காம விட்டுருவாக பாரு. பூசாரி வாயைத் தொறந்து நிக்கிற நேரமாப் பார்த்துப் படத்தை நிறுத்து. அவரு கொட்டாவி விட்டிருந்தாலும் பரவாயில்ல, ‘அருள்வாக்கு’ன்னு எழுதிக்கிடலாம். முக்கியமா, அந்த ஊரு ஆளுக ஒருத்தரையும் நிதானமாப் பேச விட்டுராதே. பேசுனா வெளக்கம் சொல்லிப்புடுவாக. வெளக்கம் வந்துட்டா அதிர்ச்சி ஓடிப்போயிரும். உன் பொழப்பு என்னாகுறது?

நீ இதையெல்லாம் ஏற்கெனவே செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கே. வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் வீடியோவை உங்க அத்தை போட்டுக் காமிச்சா. ‘விசித்திரக் கோயில்! பிரசாதமே பிரியாணி!’ முக்கால்வாசி நேரம் அண்டாவைத்தான் காமிச்சிருக்கே. கரண்டி உள்ள போகுது, கரண்டி வெளிய வருது, பின்னாடி பேய்ப்படத்துக்குப் போடுற மியூசிக்கு. கறி வேகுறதுக்கு எதுக்குப்பா பேய் மியூசிக்கு?

அந்த அண்டாவுக்குப் பின்னாடி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வேர்த்து விறுவிறுத்து நின்னாகளே, அவுக யாருன்னு ஒரு வார்த்தை கேட்டியா? ஊர் ஊருக்கு முனியாண்டி விலாஸ்னு போர்டு பார்த்திருப்பேல்ல, அந்த ஓட்டலுக்காரவுக. திருமங்கலத்துப் பக்கத்துல இருக்கிற இந்தச் சின்ன ஊர்ல இருந்து பஞ்சம் பொழைக்கக் கிளம்பி, போன இடத்துலயெல்லாம் தங்களோட சாமி பேரையே கடைக்கு வச்சவுக. அன்னன்னைக்கு விழுகிற மொத பில்லுக் காசை முனியாண்டிக்குன்னு எடுத்து வைக்கிற வழக்கம் அவுகளுக்கு உண்டு. வருசத்துக்கு ஒருக்கா, எங்கெங்க கடை போட்டிருந்தாலும் குடும்பத்தோட வந்து, ராவெல்லாம் கண்முழிச்சுக் கிடாயும் கோழியுமா ஆக்கி, வந்த சனம் அம்புட்டுக்கும் போடுறாக. யாவாரம் பண்ணிச் சோறு வித்தவுக, ஒருநா காசு வாங்காமச் சோறு போடுறாக. பெருமாள் கோயில்ல புளியோதரை குடுத்தா அது பிரசாதம், முனியாண்டி பிரியாணி குடுத்தா விசித்திரமா? புளியோதரைக்கு நீ என்னைக்காச்சும் பேய் மியூசிக்கு போட்டிருக்கியா?

இது உன்னோட ஆரம்பிச்ச சீக்கு இல்ல, அதையும் சொல்லிடணும். 2003-ல யூடியூப்பே பொறக்கல. அப்பவே 1950-ஆம் வருசத்துச் சட்டம் ஒண்ணைத் தூசி தட்டி எடுத்து, கோயில்ல கெடா வெட்டக் கூடாது, கோழி அறுக்கக் கூடாதுன்னு அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. டவுன்ல இருந்து வந்து எழுதுனவுகள்ல பாதிப்பேரு ‘மூடப்பழக்கம்’னு ஒரே மூச்சுல முடிச்சாக. வெட்டுன கறி யாரு வீட்டுக்குப் போகுது, எந்தப் பங்காளிக்கு எந்தத் துண்டு, வருசம் பூரா மொகத்தைத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்ச அண்ணந்தம்பி ஏன் அன்னைக்கு மட்டும் ஒரே பந்தியில உக்காருறான், இதையெல்லாம் கேட்டு எழுதுனவுக கொஞ்சப்பேருதான். மறு வருசமே அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாக. ஆனா பாரு, தடை போட்ட செய்தியில பூசாரி போட்டோ வந்துச்சு, பூசாரி சொன்னது வரல.

நீ கெடாவெட்டைப் படம் பிடிச்சிருக்கே. அருவா மேல போறதையும் கீழ வர்றதையும் மெதுவா ஓட விட்டிருக்கே. அதுக்கு முந்தி நடந்ததை வெட்டிப்புட்டே. என்ன நடந்துச்சு? கெடா தலையில மஞ்சத்தண்ணி தெளிச்சாக. அது ஒடம்பைச் சிலுப்பித் தலையை ஆட்டுற வரைக்கும் ஊரே கைகட்டிக் காத்துக் கெடந்துச்சு. ஆட்டலேன்னா திரும்பத் தெளிப்பாக. அப்பவும் ஆட்டலேன்னா, யாரு மனசுல என்ன குறை, எந்த வீட்டுப் பொம்பளை வருத்தத்துல இருக்கான்னு கூடிப் பேசுவாக. கெடாவுக்கு அது சம்மதமா, குளுருதான்னு எனக்குத் தெரியாது. அது வேற பஞ்சாயத்து. நான் சொல்றது, வெட்டுப்படப் போற ஆட்டையே ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் அருவாளைத் தூக்குறோம். நீ வெட்டி ஒட்டுற ஆளுகளை என்னைக்காச்சும் கேட்டிருக்கியா மருமகனே?

இந்த ‘யாரைக் கேக்குறது’ங்கிற எடத்துலதான் உன் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்குப் புல்லரிக்குது. நம்ம கோயிலுக்குப் போனா யாரைக் கேக்குறே? பூசாரியை, ஊருப் பெரியாம்பளையை, வேண்டுதல் பலிச்ச பொம்பளையை. பள்ளிவாசலைப் பத்தின்னா? பள்ளிவாசலைக் கண்டாலே ஆகாத ஆளா ஒருத்தனைத் தேடிப் பிடிச்சு உக்கார வைக்கிறே. சர்ச்சுன்னா, பாதிரியார்கூடச் சண்டை போட்டுக்கிட்டு வெளியேறினவன்தான் உனக்குச் சர்ச்சுச் சரித்திரம் சொல்றான். அங்கிட்டு சேனல் வச்சிருக்கிற பாய் வீட்டுப் பையனும், பிரதர் வீட்டுப் பையனும் உனக்குச் சளைச்சவனுகளா? நம்ம சாமியைப் பத்தித் தெரிஞ்சுக்க, நம்ம சாமியை வையிறவனைத்தான் கூப்பிட்டு உக்கார வைக்கிறானுக. சாமியே இல்லைங்கிற கட்சிக்காரப் பையன் மூணு பேரையும் பத்திப் பேசுறான், மூணு பேருல ஒருத்தரையும் கேக்குறதில்ல. அவனைப் பத்தி நீங்க மூணு பேரும் பேசுறீக, அவனைக் கேக்குறதில்ல. இதுல மட்டும் உங்களுக்குள்ள ஒரு ஒத்துமை இருக்கு பாரு, மத நல்லிணக்கம்னா இதுதான்.

சிரிக்காதே. இது சிரிப்பா முடியாத நாளும் இருந்துச்சு. 2020 மார்ச்சை மறந்துட்டியா? டெல்லியில நிஜாமுதீன் மர்கஸ்ல தப்லீக் ஜமாத் கூட்டம் நடந்துச்சு. நம்ம பக்கத்துல இருந்தும் ஆளுக போயிருந்தாக. திரும்பி வந்தவுகள்ல பலருக்குக் கொரோனா இருந்தது நெசம். அதைச் செய்தியாச் சொல்றதுல தப்பே இல்ல, சொல்லணும். பக்கத்துல இருந்தவுக சோதனை பண்ணிக்கிட வேணாமா? ஆனா ‘கொரோனா ஜிகாத்’னு ஒரு பேரு கட்டி விட்டானுக பாரு! கிருமியை வேணும்னே பரப்புறாகன்னு, எங்கேயோ எப்பவோ எடுத்த பழைய வீடியோவெல்லாம் நேத்து எடுத்த மாதிரி போனு போனாச் சுத்துச்சு. காய்கறி வண்டிக்காரன்கிட்ட நீ எந்த மதம்னு கேட்டுட்டுக் கத்திரிக்காய் வாங்குன காலம் அது. அந்த ஏப்ரல்ல வாட்ஸ்அப்காரனே மெரண்டு போயி, ரொம்பக் கை மாறின சேதியை ஒரு தடவைக்கு ஒரு எடத்துக்குத்தான் தள்ளிவிட முடியும்னு கட்டுப் போட்டான். உங்க ஆத்தா விட்டாளா? ராத்திரி பூரா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா அனுப்பிக்கிட்டே உக்காந்திருந்தா. உழைப்பாளி குடும்பம் நம்ம குடும்பம்.

அந்த வருசம் ஆகஸ்ட்டுல பம்பாய் ஹைகோர்ட்டோட ஔரங்காபாத் பெஞ்சு என்ன சொல்லுச்சு தெரியுமா? வெளிநாட்டுல இருந்து அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தவுக மேல போட்ட வழக்கை ரத்து பண்ணி, இவுகளைப் பலிகடா ஆக்கியிருக்க வாய்ப்பு இருக்குன்னு எழுதுச்சு. பத்திரிகையிலயும் டிவியிலயும் அவுகளுக்கு எதிரா நடந்த பிரசாரத்தையும் சேர்த்துத்தான் கண்டிச்சுச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா, நான் டீக்கடையில பேப்பரை உள்பக்கம் வரைக்கும் படிக்கிறவன். உன்னை மாதிரி தலைப்பை மட்டும் மேய்றவன் இல்ல. மார்ச்சுல போட்ட சிவப்பு எழுத்து சைசுலயே ஆகஸ்ட்டுல அந்தத் தீர்ப்பைப் போட்ட சேனல் எது? நீ போட்டியா? நீ ஆகஸ்ட்டுல ‘வீட்டுலயே பிள்ளையார் செய்வது எப்படி’ன்னு களிமண்ணு பிசைஞ்சுக்கிட்டிருந்தே. அது நல்ல வீடியோ, அதைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஜமாத் செய்தியைப் பத்தின வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போச்சு. 2021 செப்டம்பர்ல, தலைமை நீதிபதியா இருந்த என்.வி. ரமணா, யாரு வேணும்னாலும் யூடியூப் சேனல் ஆரம்பிச்சுரலாம்கிற நெலமையா இருக்கேன்னு கோர்ட்டுலயே வருத்தப்பட்டாரு. எல்லாத்துக்கும் மதச்சாயம் பூசுறாகன்னும் சொன்னாரு. உன்னைத்தான் சொல்றாருன்னு உங்க ஆத்தாகிட்ட சொன்னேன். “எம்பிள்ளை பேரு டெல்லி வரைக்கும் போயிருச்சா அண்ணே”ன்னு பூரிச்சுப் போயிட்டா.

வைஞ்சு போடுற வீடியோவை விடு, நீ பாராட்டிப் போடுற வீடியோவும் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் காசவளநாடு புதூர். இந்துக்கதான் அங்க பெரும்பாலும் குடியிருக்காக. ஆனா மொகரத்தை ஊர்த்திருவிழாவா எடுப்பாக. கை உருவத்துக்குப் பூவைச் சுத்தி, அல்லாசாமின்னு தெருத்தெருவாத் தூக்கிட்டு வருவாக, வீட்டுக்கு வீடு பானகம், அவல், தேங்காய் வச்சுக் கும்பிடுவாக, தீ மிதிப்பாக. நீ அங்க போயி, ‘மத நல்லிணக்கத்தின் சிகரம்! கண்கலங்க வைக்கும் காட்சி!’ன்னு போட்டிருக்கே. வீணை மியூசிக்கு வேற. ஏப்பா, அவுக உனக்கு நல்லிணக்கம் காமிக்கிறதுக்கா தீ மிதிச்சாக? அது அவுக தாத்தன் பாட்டன் கும்பிட்ட சாமி. கும்பிடாட்டி ஊருக்கு ஆகாதுன்னு நெனைக்கிறாக, அதனால கும்பிடுறாக. மைக்கை நீட்டி, “நீங்க ஏன் அடுத்த மதத்துப் பண்டிகையைக் கொண்டாடுறீங்க?”ன்னு கேட்டே. அந்தப் பெரியவரு உன்னை ஏற எறங்கப் பார்த்தாரு பாரு, ஒரு பார்வை. நீ அதை ‘நெகிழ்ச்சி’ன்னு எழுதி ஒட்டிட்டே. அவரு நெகிழலப்பா, எவன்டா இவன்னு பார்த்தாரு. கேவலமாக் காமிச்சாலும் சரி, கோபுரத்து மேல தூக்கி வச்சாலும் சரி, நீ நெனைச்சுட்டு வந்ததைத்தான் எடுத்துட்டுப் போறே. அங்க இருந்தது அங்கேயே கெடக்கு.

காமநாயக்கன்பட்டிக்கும் போயிட்டு வந்தியாம்ல? கோவில்பட்டிப் பக்கத்துல, ஆகஸ்ட் 15-ஆம் தேதி பரலோக மாதா திருவிழா. தேர் போகும், பின்னாடியே சனம் தெருவுல விழுந்து விழுந்து எந்திரிச்சுக் கும்பிடு சேவை செய்யும். அதுல எந்த மதத்துக்காரவுக எம்புட்டுப் பேருன்னு தேருக்குத் தெரியாது. மண்ணுல நெத்தி பட்டா எல்லா நெத்தியும் ஒரே நெறந்தான். நீ போட்ட தலைப்பு: ‘யார் யாரைக் காப்பி அடித்தது?’ கமெண்டுல ரெண்டு நாள் அடிதடி. ஒருத்தன் வெள்ளைக்காரன் எங்ககிட்ட இருந்து திருடுனான்கிறான், இன்னொருத்தன் ஏதோ வசனத்தைக் கொண்டாந்து எறியிறான். விழுந்து கும்பிட்ட அந்தப் பொம்பளைக்குப் பிள்ளைக்கு வைத்தியமா, கடனா, கல்யாணமா, என்ன வேண்டுதல்னு கேட்டிருந்தா அதுவே ஒரு வீடியோ ஆகியிருக்கும். ஆனா அதுக்குக் கமெண்டு வராது, சரிதான்.

அழகரையாவது விட்டியா? அவரு வைகையில இறங்குறதுக்கு மொத நாள் ராத்திரியில இருந்து, ‘என்ன கலர் பட்டு? சிவப்பு வந்தால் ஆபத்தா?’ன்னு ஆறு வீடியோ. பச்சைப்பட்டு உடுத்தி வந்தா வெள்ளாமை செழிக்கும்னு நம்ம சனம் நம்புது. நானும்தான் நம்புறேன், பச்சைன்னு கேட்டதும் வெதைநெல்லை எடுத்து வெயில்ல போடுறவன் நான். நீ அந்த நம்பிக்கையையும் சொல்லல, நம்பாதவன் என்ன சொல்றான்னும் சொல்லல. பயத்தை மட்டும் பொட்டலம் கட்டி வித்துட்டே. அம்புட்டு லட்சம் சனம் ஆத்துல நின்னு, தோலுப்பையில தண்ணியை எடுத்துப் பீச்சி அழகரைக் குளிர வைக்குது. உன் வீடியோவுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

இப்ப நீ மனசுக்குள்ள என்ன முனகுறேன்னு தெரியுது. ‘அப்ப எதையும் கேள்வியே கேக்கக் கூடாதா மாமா? எல்லாத்துக்கும் சூடம் காமிச்சுட்டுப் போயிடணுமா?’ங்கிறே. யாருடா சொன்னா? மருவாதைன்னா வாயைப் பொத்துறதுன்னு நெனைக்கிறியா? திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர்ல, முத்துமாரியம்மன் கோயிலுக்குள்ள தலித் சனம் காலடி எடுத்து வைக்க 2023 சனவரி வரைக்கும் காத்துக் கெடக்க வேண்டியிருந்துச்சு. கலெக்டரும் போலீசும் கூட நின்னுதான் உள்ள போனாக. மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் தலித் சனத்தைக் கூட்டிக்கிட்டுப் போனது 1939. இடையில எம்புட்டு வருசம்னு நீயே கழிச்சுப் பாரு, நீதான் பி.காம். படிச்சவன். இதைப் போடு, அதிர்ச்சின்னே போடு, சிவப்பு அம்பும் போடு. ஆனா அம்பு யாரை நோக்கி நிக்குதுன்னு பாரு. மாரியாத்தா யாரையும் வராதேன்னு சொல்லல. வாசல்ல குறுக்க நின்ன ஆளுதான் சொன்னான். அவனைக் காமி. வெளிய நின்னு தலைமுறை தலைமுறையாக் கும்பிட்டவுக என்ன சொல்றாகன்னு காமி. நீ அந்தப் பக்கமே போகலையே, ஏன்? அங்க கேள்வி கேட்டா அடி விழுகும். முனியாண்டி அண்டா அடிக்காது.

சாமி இல்லைன்னு சொல்றவுக கதையும் கேளு. 1953-ல பெரியார் திருச்சியில மண்ணுப் பிள்ளையாரை எல்லாரும் பார்க்க உடைச்சாரு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 1958-ல தீர்ப்பாச்சு. ரொம்ப நாளாயிருச்சுன்னு மேல விசாரிக்காம விட்டுட்டாக. ஆனா போற போக்குல கீழ்க்கோர்ட்டுகளுக்கு ஒரு குட்டு வச்சாக: சனங்களோட நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துதா இல்லையான்னு பார்க்காம, அந்தந்த வகையறாவோட மனசுக்கு மதிப்புக் குடுங்கன்னு. நீ இந்தச் சேதியைப் போட்டா என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். ஒரு கட்சிக்கு உடைச்ச பாதியைப் போடுவே, இன்னொரு கட்சிக்குக் குட்டு வாங்குன பாதியைப் போடுவே. ரெண்டு சேனல் வச்சுக்கிட்டேன்னா வருமானமும் ரெண்டு.

சட்டத்துக்கு மட்டும் பயப்படாதே. மத உணர்வைப் புண்படுத்துறதுக்குன்னு 1927-ல வெள்ளைக்காரன் காலத்துல 295ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாக. இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல அதுக்கு நம்பர் 299. மூணு வருசம் வரைக்கும் உள்ள போடலாம். ஆனா வேணும்னே, கெட்ட எண்ணத்தோட செஞ்சிருக்கணும்னு அதுல போட்டிருக்கு. நீ எதையும் தெரிஞ்சு செய்யிற ஆளே இல்லையே! உன் ஒரு வீடியோவை நீதிபதி பார்த்தாப் போதும், இவனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதிக் குடுத்துருவாரு. ஜாமீனே வேணாம்.

ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல. இம்புட்டு ஊரு சுத்துன புள்ள, நம்ம குலசாமியை மட்டும் ஏன் இன்னும் படம் பிடிக்கல? கம்மாய்க்கரையில, பனைமரத்துக்குக் கீழ, வீச்சருவாளோட நிக்கிறாரே. அவருக்குச் சுருட்டு உண்டு, சாராயம் உண்டு, கறிச்சோறு உண்டு. மத்த ஊர்ல இருந்தா நீ எட்டுப் பாகம் போட்டிருப்பே. இங்க மட்டும் குச்சியைத் தூக்கக் கை வரல. ‘சாராயம் குடிக்கும் சாமி! அதிர்ச்சி!’ன்னு போட்டா வர்ற சிவராத்திரிக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பங்காளிக முன்னாடி நிக்கிறதுங்கிற ரோசனைதானே? பரவாயில்ல, ரோசனை வருதே. மத்த ஊர்லயும் எவனோ ஒருத்தனோட குலசாமிதான் நிக்குது.

எடுக்கிறதா இருந்தா எடு, நான் வேணாம்கல. ஆனா மொதல்ல மேலத்தெருப் பெரியாத்தா வீட்டுக்குப் போ. அந்தச் சாமி எப்படிக் கம்மாய்க்கரைக்கு வந்தாரு, யாரு தலையில சத்தியம் பண்ணிக் குடுத்தாரு, சுருட்டு எப்பத் தொடங்கிப் படைக்கிறோம், எல்லாம் அவ வாயிலதான் இருக்கு. போன உடனே மைக்கை நீட்டாதே, பாம்புன்னு நெனைச்சு அடிச்சுப்புடுவா. வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு வாங்கிட்டுப் போ. போயிலை மறந்துராதே. போயிலை தீர்ந்துச்சுன்னா சத்தியம் பண்ற எடத்துல கதையை நிறுத்திட்டுக் கட்டையைச் சாய்ச்சுருவா, மறுநாள் சாயங்காலம்தான் எந்திரிப்பா. எடுத்து முடிச்சதும் ஊருக்குக் காமிக்கிறதுக்கு முந்தி அவளுக்குப் போட்டுக் காமி. பாதி இடத்துல “பொய்யி, பொய்யி”ன்னு கத்துவா. அந்த எடத்தையெல்லாம் குறிச்சுக்க. பேனா இருக்கா? இல்லாட்டி இந்தா, என்னுதை எடுத்துக்க. திருப்பித் தந்துரணும், போன தடவை டார்ச்சு லைட்டு வாங்கிட்டுப் போனவன் நீ.